அந்தி சாய்ந்த பிறகு ஒரு போட்டோ

மார்கழி பிறந்த வாரம் நடந்தது இது. என் பேத்திக்கு வயது பத்து. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டு மைதானத்தில் கால்பந்து பழகுகிறாள். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலிருந்து மைதானம் ஒன்றும் தூரமில்லை. கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம். அன்றைக்குப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஆட்டம் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மருமகள் என் மகனுடைய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள். "மாமா, அங்க சும்மாதானே உக்காந்திருப்பீங்க. நாலு போட்டோ எடுத்துட்டு வாங்க."

நாலு கேட்டாள். நான் இருநூறுக்கு மேல் எடுத்தேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஐந்தரை மணி. மார்கழியில் பொழுது சாய்வதைக் கேட்க வேண்டுமா? ராத்திரி வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், புல்லும் கோல் கம்பமும் தெளிவாக இருக்கின்றன. பிள்ளைகள் மட்டும் தீற்றித் தீற்றி, ஈரச் சுவரில் கையால் துடைத்த மாதிரி இருக்கிறார்கள். பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நானா? பேய் மாதிரி இருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தையை ஐம்பது வருஷத்துக்கு முன் வேறொருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஓடுகிற ஒன்றைப் படம் பிடிக்க உலகம் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் எளிதானது. கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் ஒரே படத்தில் விழும். பத்து வயதுப் பிள்ளை ஓட்டத்தில் வினாடிக்கு ஐந்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பிள்ளை பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு உள்ளங்கை அகலம். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுவிடும். ஐந்நூறில் ஒரு பங்கு என்றால் ஒரே ஒரு சென்டிமீட்டர், பரவாயில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் மூடினால் உள்ளே வருகிற வெளிச்சமும் பத்தில் ஒன்றாகிவிடும். நல்ல வெயிலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அந்தியில்தான் திண்டாட்டம்.

நம் பக்கத்தில் இந்தத் திண்டாட்டம் போட்டோ வந்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கும்பினி ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராகத் தஞ்சாவூர், மதுரை எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை இருபத்தோரு படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். நிமிஷக் கணக்கில் திறந்து வைத்தால்தான் உருவம் பதியும். கல்வெட்டு அசையாது, காத்திருக்கும். மனிதர்கள் காத்திருப்பார்களா? அவருடைய படங்களில் கோபுரமும் மண்டபமும் நேற்றுக் கட்டியதுபோல இருக்கின்றன. ஆனால் வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஆள் இல்லாமல் இல்லை. நடந்து போனவர்கள் படத்தில் விழவில்லை, அவ்வளவுதான். அந்த வீதிகளில் பிள்ளைகள் ஓடி விளையாடியிருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இருபது வருஷம் கழித்து 1878 ஜூன் மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் படம் பிடித்துவிட்டார். ஓடும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது அங்கே பெரிய விவாதமாக இருந்தது. எழும்பும் என்று அவர் படம் காட்டியது. வரிசையாகப் பன்னிரண்டு கேமரா வைத்து, குதிரை ஓடும் பாதையில் குறுக்கே நூல் கட்டி, நூல் அறுபட அறுபட ஒவ்வொரு கேமராவும் திறந்து மூடும்படி செய்திருந்தார். சாதனைதான். ஆனால் அவருக்கும் நல்ல வெயில் வேண்டியிருந்தது. குதிரைக்குப் பின்னால் வெள்ளைத் தட்டி கட்டி வெளிச்சத்தைக் கூட்டினார். அப்படியும் கிடைத்தது குதிரையின் நிழலுருவம்தான்.

வெயில் இல்லாத இடத்துக்கு வெளிச்சத்தை நாமே கொண்டுபோனால் என்ன என்று அடுத்து யோசித்தார்கள். 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியத் தூளைக் கொளுத்திப் பளிச்சென்று ஒளி உண்டாக்கினார்கள். புகையும் நெருப்பும் சேர்ந்தே வரும். 1929-ல் அதே ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது; ஒரு பல்பு, ஒரே படம். 1930களில் அமெரிக்காவில் எட்ஜர்டன் என்ற பேராசிரியர் திரும்பத் திரும்ப மின்னும் எலெக்ட்ரானிக் பிளாஷைச் செய்து காட்டினார். நம்மூர்க் கல்யாணங்களில் போட்டோகிராபர் தோளில் கனமான பேட்டரிப் பெட்டியோடு வந்து கண்ணைக் கூச வைத்தாரே, அது இதன் வாரிசுதான்.

ஆனால் பிளாஷுக்கு ஒரு எல்லை உண்டு. கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நம்மூர்க் கதையே இருக்கிறது. 1690-ல் வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்தவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். இன்றும் நம் வாயில் குண்டு சாலை என்ற பேர் நிலைத்திருக்கிறது. போட்டோகிராபரின் பிளாஷும் அப்படித்தான். அது போய் விழும் தூரம் வரைக்கும்தான் அவர் ராஜ்யம். சாதாரண பிளாஷுக்குப் பதினைந்து அடி. கல்யாண மேடைக்குப் போதும், மைதானத்துக்குப் பற்றாது. போதாக்குறைக்கு, பந்தைப் பார்க்க வேண்டிய பிள்ளையின் கண்ணில் பளிச்சென்று அடித்தால் அடிபட்டுக்கொள்ளும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1974. அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. கடைசி வருஷம். என் தங்கை கடலூரில் எஸ்எஸ்எல்சி, அதாவது அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு. ரிங் டென்னிஸ் ஆடுவாள். பள்ளிக்கூடத்தில் டெனிகாய்ட் என்பார்கள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து ஒரே கையால் பிடிக்கிற ஆட்டம். பெண் பிள்ளைகளுக்கு என்று அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று ஆட்டங்களில் ஒன்று. அதில் அவளைப்போல் ஆடியவளை நான் பார்த்ததில்லை. இடது பக்கம் வந்தால் இடது கையாலேயே பிடித்து இடது கையாலேயே திருப்புவாள்.

அந்த வருஷம் மாவட்ட அளவில் ஒரு போட்டி. இறுதி ஆட்டம் சிதம்பரத்தில். அவளும் இன்னொரு பெண்ணும் டீச்சரோடு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயிலேறி வந்தார்கள். முந்தின வாரமே, "அண்ணா, சித்தப்பா கேமராவ வாங்கிட்டு வந்து என்ன ஒரு போட்டோ எடு" என்று சொல்லியிருந்தாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுதான் கடைசி வருஷ ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும்.

சித்தப்பா கேமரா ஆக்ஃபா கிளிக் 3. உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். பரோடாவில் செய்து நாடு முழுக்க விற்ற பெட்டிக் கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். ஷட்டருக்கு ஒரே வேகம், அதுவும் மந்தமானது. நாம் மாற்ற முடியாது. உள்ளே போடும் ஃபிலிமுக்கு இறக்குமதிச் சரக்கை நம்பியிருந்த நிலைமை மாறி, ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் வந்திருந்தது. 1960-ல் ஆரம்பித்து 1967-ல் உற்பத்தி தொடங்கிய அரசுக் கம்பெனி. 'இந்து' என்று பேர் போட்ட ஃபிலிம். இப்போது அந்தக் கம்பெனியும் மூடிக் கிடக்கிறது. எங்களுக்குக் கடையில் கிடைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் 100, 125 ஏஎஸ்ஏ. கோடாக் கம்பெனியின் ட்ரை-எக்ஸ் என்ற வேக ஃபிலிம் 1954-லேயே வந்திருந்தது. 400 ஏஎஸ்ஏ என்று பேர்பெற்றது. பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

பெண்கள் ஆட்டத்தைக் கடைசியில்தான் வைத்தார்கள். பையன்கள் போட்டி எல்லாம் முடிய வேண்டும், அதற்குப் பிறகு. வளையம் மேலே போகும்போது வானத்தில் பாதி நிறம் போய்விட்டிருந்தது. மரத்தடியில் ஒரு டியூப் லைட் போட்டார்கள். நான் வலை ஓரமாக நின்று படம் எடுத்தேன். மூன்று படம்.

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவில் கழுவி வாங்கிவந்தேன். இரண்டு படம் முழுக்க இருட்டு. மூன்றாவதில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு தீற்றல். தங்கை கையில் வாங்கிப் பார்த்தாள். "அண்ணா, இது நானா? பிசாசு மாதிரி இருக்கே" என்றாள். "கழுவினவர் கெடுத்துட்டார்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் கல்யாணமாகி விருத்தாசலம் போனாள். வளையத்தைத் தொட்டதில்லை.

அந்தப் போட்டி முடிந்த மறுவருஷம், 1975 டிசம்பரில், அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் எஞ்சினியர் ஃபிலிமே இல்லாத கேமரா ஒன்றைச் செய்திருக்கிறார். படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிதான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி ஆனதாம். இன்று நம் பாக்கெட்டில் இருப்பதற்கெல்லாம் அதுதான் பாட்டன். அதிலிருந்து 2007 வரை வந்தால், நிகான் டி3 என்ற கேமரா 6400 ஐஎஸ்ஓ வரை சாதாரணமாக எடுத்தது. ஏஎஸ்ஏ என்று நாம் சொன்னதைத்தான் இப்போது ஐஎஸ்ஓ என்கிறார்கள். 125 எங்கே, 6400 எங்கே? ஐம்பது மடங்கு. விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கு ராத்திரி ஆட்டம் அப்போதுதான் கைக்கு வந்தது. என் மகனுடைய சாதாரணக் கேமராகூட இன்று அந்த 6400-க்குப் போகிறது.

அப்படியிருந்தும் நான் ஏன் பேய்ப் படம் எடுத்தேன்? கேமராவை ஆட்டோவில் விட்டதுதான் காரணம். அதற்குப் பிள்ளை ஓடுவது தெரியாது. வெளிச்சம் குறையக் குறைய நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு மாதம் தினமும் மைதானத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டதை, என்னைப்போல் பேரன் பேத்திகளுக்குப் பின்னால் அலைகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் ஷட்டர் வேகத்தை நாமே பிடித்து நிறுத்த வேண்டும். ஓடும் பிள்ளைக்கு ஐந்நூறில் ஒரு பங்கு. முடியவில்லையென்றால் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து லென்ஸ். கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 வரை சுருங்கிவிடும். 50 எம்எம், எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. ஜூம் கிடையாது, மற்ற லென்ஸ்களைப் பார்க்க விலையும் குறைவு. அது உள்ளே விடும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாது. நாம்தான் எழுந்து கிட்டே போக வேண்டும். அதற்கும் மிஞ்சினால் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தைரியமாக ஏற்றலாம். படத்தில் மணல் தூவியதுபோல் பொரி பொரியாக வரும். வரட்டுமே. பொரி விழுந்த முகத்தை அடையாளம் தெரியும், இழுபட்ட முகத்தைத் தெரியாது.

இன்னொன்று, விளக்கு வெளிச்சத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தால் பயப்பட வேண்டாம். நம் வீட்டு மின்சாரத்தில் பழைய டியூப் லைட் வினாடிக்கு நூறு தடவை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். ராத்திரி மின்னொளி கபடிப் போட்டிகளில் படம் எடுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அங்கே ஒன்றுக்கு நாலாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, எந்த ஆட்டத்திலும் ஒரு கணம் நின்றுபோகும் இடம் உண்டு. பந்தை உதைக்கக் காலைப் பின்னுக்கு இழுத்த உச்சி, எம்பிக் குதித்தவள் மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன், ரிங் டென்னிஸில் வளையம் கைக்குள் வந்த அந்த நொடி. அதற்காகக் காத்திருந்தால் குறைந்த வேகமும் போதும். இதை 1974-ல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்றும் யோசித்தேன். நம்மூர்ப் பெண் பிள்ளைகளின் கால்பந்துக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்தை நாம் மறக்க முடியுமா? அதற்குப் பிறகு இங்கே அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள் பலர் பயிற்சியாளர் மாரியப்பனிடம் பந்து உதைக்கக் கற்றார்கள். கடலூர் மண்ணில் ஆடிப் பழகிய இந்துமதி, சந்தியா, சுமித்ரா இந்தியாவுக்கே ஆடினார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பல தடவை சாம்பியனான மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியக் கோப்பையைத் தூக்கியது. கோப்பையோடு நிற்கும் படங்கள் பேப்பரில் வந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகள் பத்து வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்து பொழுது சாய்கிற வரை ஓடிய நாட்களுக்கு எத்தனை படம் இருக்கும்? கடல் உள்ளே வந்துபோன வீடுகள் பலவற்றில் பழைய போட்டோ என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதனால் இப்போது பேத்தியை மட்டும் எடுப்பதை விட்டுவிட்டேன். பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிள்ளைகளை எல்லாம் எடுக்கிறேன். பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுவேன். இணையத்தில் போடுவதில்லை. காப்பகப் பிள்ளைகளை அடையாளம் காட்டிப் படம் வெளியிடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை வேண்டும்தானே.

பொங்கலுக்கு மறுநாள், பேத்தி பந்தை உதைக்கப்போகும் படம் ஒன்று தேறியது. பொரி பொரியாகத்தான் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு பந்தையே பார்க்கிறாள். அதை அனுப்பலாம் என்று தங்கைக்குப் போன் செய்தேன். பேச்சு வாக்கில் ஐம்பது வருஷமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்.

ஸ்டுடியோக்காரர் ஒன்றும் கெடுக்கவில்லை. அந்த ரோலில் பன்னிரண்டு படம். ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டாளிகளோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். பழைய கோட்டைச் சுவரில் சாய்ந்தும், மணலில் படுத்தும், மூக்குக் கண்ணாடி மாட்டியும் ஒன்பது படம் எடுத்துத் தீர்த்தோம். தங்கைக்கு மிச்சம் மூன்று. அந்த வெளிச்சத்தில் அந்தக் கேமராவால் ஆட்டத்தை எடுத்திருக்க முடியாது. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், வெளிச்சம் நாலில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. ஆனால் அன்று காலையில் அவள் ரயிலில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். கையில் வளையத்தோடு ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிஷம் நிற்க வைத்து எடுத்திருந்தால் அந்தப் பெட்டிக் கேமராவே போதும். எனக்குத் தோன்றவில்லை. ஆட்டத்தையே எடுத்துப் பெரிய ஆளாகலாம் என்று நினைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்பது பாதிதான் உண்மை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "தெரியும்ணா. மத்த ஒம்போதும் நல்லாத்தானே வந்திருந்துச்சு. ஒரே ரோலுல மூணு படத்த மட்டும் கெடுக்கத் தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர் யாரு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே சிரித்துவிட்டு, "பாப்பா படத்த அனுப்பு, பாக்கறேன்" என்றாள். அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அந்தப் பழைய தீற்றலை செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தாள். ஓரமெல்லாம் மஞ்சளடித்து, நடுவில் மடிப்பு விழுந்து. உற்றுப் பார்த்தேன். தீற்றலில் மேலே தூக்கிய கை இடது கை.

மாசி மகத்துக்குக் கடலூர் வருகிறாள். தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்குப் போவோம். கடையில் கேட்டு ஒரு ரப்பர் வளையம் வாங்கி வைத்திருக்கிறேன். காலை வெயில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.